பெரியவரின் மெஸி 135: வாங்கினால் ஓட்டிப் பிழைக்கலாமா?

லீக்ஸ்காரன், கந்தப்பளை எழுதியது:

வணக்கம். டிராக்டர் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கதை நீளம்.

எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் தேயிலைக் கொழுந்து ஏற்றி ஓடிய பெரியவர் ஒருவர், தன்னுடைய மெஸி பெர்குசன் 135ஐ எனக்குத் தருகிறேன் என்கிறார். ட்ரேலரும் சேர்த்து. சும்மா இல்லை, காசுக்குத்தான். ஆனால் ஊரில் இன்று சொல்கிற விலை இல்லை. எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், அவருடைய மருமகனும் இதையெல்லாம் படிக்கிற ஆள். மருமகனுக்கு வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டு அந்தக் கொட்டகையில் கடை வைக்க ஆசை. பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. "ஓட்டுறவன் கையில போகட்டும்டா" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு நிபந்தனையும் உண்டு: ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் வண்டியைக் கழுவி அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், பொட்டு அவர்தான் வைப்பார். அதற்கு உடனே சரி சொல்லிவிட்டேன். மற்றதுக்குத்தான் யோசனை.

என் நிலை இதுதான். லீக்ஸ், கரட், போகத்துக்கு ஏற்ற மாதிரி உருளைக்கிழங்கு. ரோட்டோரம் ஒரு துண்டு, கீழே ஓடைப் பக்கம் இரண்டு துண்டு, எல்லாம் குத்தகை. கீழ்த் துண்டுகளுக்கு லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை டிராக்டர்) இறங்குவதே பெரிய பாடு, பாதிக்கு மேல் மண்வெட்டி வேலைதான். மரக்கறியை நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோக வாடகை லொறி. கோழி எரு ஏற்றி வரவும் வாடகை லொறி. விலை இருக்கிற நாளில் லொறி கிடைக்காது, லொறி கிடைக்கிற நாளில் கரட்டைக் கேட்க ஆள் இருக்காது. நான் டிராக்டரை நினைப்பது உழுவதற்கு இல்லை, ஏற்றி இறக்கத்தான். பக்கத்துத் தோட்டக்காரர்களும் எரு, விறகு, மணல் என்று கூப்பிடுவார்கள் என்று ஒரு கணக்கு. வீட்டில் சொல்வது வேறு: "உரம் வாங்கக் காசில்லை, உங்களுக்கு டிராக்டர் கேக்குதா?"

வண்டியின் நிலை. 2022இல் டீசல் வரிசையில் கிடந்து வெறுத்துப்போன பெரியவர், அதற்குப் பிறகு எப்போதாவதுதான் எடுத்தார். இப்போது தகரக் கொட்டகையில் நிற்கிறது. பெட்டரி செத்துவிட்டது. லொறி பெட்டரி ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போய் நான் முடுக்கிப் பார்த்தேன். காலையில் அசையவே இல்லை. வெயில் ஏறிய பிறகு திரும்பத் திரும்ப முடுக்க, வெள்ளைப் புகையைக் கொட்டகை நிறையக் கக்கி ஒரு வழியாகப் பிடித்தது. பெரியவரின் கோழிகளெல்லாம் வெளியே ஓடின. சூடு ஏறியதும் சத்தம் அழகாகத்தான் இருந்தது, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். நிறுத்தித் திரும்ப முடுக்கினால் உடனே பிடிக்கிறது. ஆனால் ஒயில் பிரஷர் முள் அசையவே இல்லை. "அது எப்பவுமே அப்படித்தான்" என்கிறார் பெரியவர்.

கொட்டகையிலிருந்து ரோடு வரை ஓட்டினேன். பிரேக் மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. ஸ்டியரிங்கில் கால் சுற்று சும்மாவே ஆடுகிறது. லிஃப்ட் மெதுவாக ஏறி, என்ஜினை நிறுத்தினால் இறங்கிவிடுகிறது. பின்பக்க ஒயிலைக் குச்சியில் எடுத்துப் பார்த்தால் பால் தேத்தண்ணி நிறம்.

அப்புறம் காகிதம். பழைய காலத்து ஸ்ரீ நம்பர் பிளேட். சீ.ஆர். (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) பெரியவர் பெயரில் இல்லை, அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் பெயரிலும் இல்லை. அதில் இருப்பவர் இராகலைப் பக்கம் கொந்தராத்து எடுத்து ஓடியவர், ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார். போகும்போது வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். கோத்தகிரியில் இருந்தார், காலமாகிவிட்டார் என்று கேள்வி. அந்தக் காகிதம் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருக்கிறது. இத்தனை வருடமும் பெரியவர் அந்தப் பெயரிலேயே வண்டிக்கு வருமான லைசன்ஸ் எடுத்து ஓடியிருக்கிறார், அதுவும் சில வருடமாக எடுக்கவில்லை.

கேட்பது இதுதான்: இதை வாங்கலாமா? வாங்கினால் முதல் காசை எதில் போடுவது?


கராஜ்காரன், பண்டாரவளை எழுதியது:

தம்பி, நீ எழுதிய வரிசையில் பதில் சொல்ல மாட்டேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைத்தான் நீ பெரிய வருத்தமாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது கடைசி. மலையில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒருத்தரும் சாகமாட்டார்கள்.

பிரேக்கிலிருந்து வருகிறேன். 135இல் வலது காலுக்கு இரண்டு பெடல், இடச் சில்லுக்கு ஒன்று, வலச் சில்லுக்கு ஒன்று. வயலில் ஓரத்தில் திருப்பத் தனித்தனியாக மிதிப்பதற்காக அப்படி வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு கொக்கி இருக்கும். ரோட்டில் ஏறும்போது அந்தக் கொக்கி விழுந்திருக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. வேகத்தில் ஒரு பெடல் மட்டும் அகப்பட்டால் வண்டி நின்ற இடத்தில் சுற்றிக் கவிழும். பழைய வண்டிகளில் அந்தக் கொக்கிதான் முதலில் காணாமல் போகும். போய்ப் பார்.

கொக்கி இருந்தும் வலப்பக்கம் இழுக்கிறது என்றால் இடப்பக்கம் பிடிக்கவில்லை. இடப் பின்சில்லின் உள்பக்கம் டோர்ச் அடித்துப் பார், ரிம்மில் ஒயில் வடிந்த கோடு இருக்கும். அச்சின் ஒயில் சீல் போனால் ஒயில் நேரே பிரேக் டிரம்முக்குள் வரும், லைனிங் ஊறிவிடும். சிலர் சூவைப் பெற்றோலில் கழுவி, மணல் தாளில் தேய்த்துத் திரும்பப் போட்டுத் தருவார்கள். இரண்டு வாரம் பிடிக்கும், அப்புறம் பழைய கதை. சீல் மாற்று, லைனிங் மாற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே. புதுசு ஒரு பக்கம், பழசு ஒரு பக்கம் என்றால் இப்போது வலப்பக்கம் இழுப்பது நாளைக்கு இடப்பக்கம் இழுக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? உன் டிராக்டர் ஏறக்குறைய ஒன்றரை டன். ட்ரேலரில் ஈர எரு நிறைத்தால் அதைவிடக் கூட வரும். அந்தப் பழைய ட்ரேலருக்குப் பிரேக் இருக்காது. ஏற்றத்தில் டிராக்டர் ட்ரேலரை இழுக்கிறது, இறக்கத்தில் ட்ரேலர் டிராக்டரைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து தள்ளுகிற பாரம் வண்டியை மடக்கிப் போடும். ஹக்கலையிலிருந்து வெலிமடைப் பக்கம் இறங்குகிற வளைவுகளில் அதற்கு ஒரு நொடி போதும்.

அடுத்து ஒன்று, பலருக்குத் தெரியாது. 135இல் சிலவற்றுக்கு மல்டிபவர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஸ்டியரிங் பக்கத்தில் டேஷில் ஒரு சின்ன லீவர் இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளச் மிதிக்காமல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சமவெளியில் நல்ல வசதி. ஆனால் அந்த லீவர் லோவில் இருக்கும்போது என்ஜின் வண்டியைப் பிடிக்காது, சில்லுகள் தன் பாட்டுக்கு உருளும். கியரில்தானே இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இறங்குகிறவன் போய்ச் சேருவது பள்ளத்தில். உன்னுடையதில் அந்த லீவர் இருந்தால் இறக்கத்தில் எப்போதும் ஹையில் வைத்து, பெரிய கியர் லீவரால் கீழ் கியர் போட்டு இறங்கு. இல்லாவிட்டால் சந்தோஷம், சாதாரண ஆறு கியர் வண்டிதான் நம் மலைக்கு நல்லது.

எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இறங்கத் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிடு, பாதி இறக்கத்தில் கிளச்சை மிதித்துக் கியர் தேடாதே. இந்தப் பெட்டியில் ஓடும்போது கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வாய்.

சங்கிலி கட்டி எதையாவது இழுக்க வேண்டி வந்தால், மரக்குற்றியோ சேற்றில் புதைந்த லொறியோ, கீழே இருக்கிற ட்ரோபாரில் மட்டும் கட்டு. டொப் லிங்க் மாட்டுகிற மேல் இடத்தில் கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி வண்டி உன் மேல் மல்லாக்க விழும். இதில் தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பியும் கிடையாது.

சரி, இப்போது என்ஜின். ஒயில் பிரஷர் முள் "எப்பவுமே அப்படித்தான்" என்றால் மீட்டர் கெட்டிருக்கலாம், அதற்குப் போகிற சின்னக் குழாய் அடைத்திருக்கலாம், உண்மையிலேயே பிரஷர் இல்லாமலும் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் இனி முடுக்காதே. ஒரு டெஸ்ட் மீட்டர் போட்டுப் பார்க்க எந்த கராஜிலும் அரை மணி நேரம். சூடு ஏறிய பிறகும் பிரஷர் நின்றால் பெரியவருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். என்ஜின் ஓடும்போது அதன் பிரீதர் (காற்றுப்போக்கி) குழாயையும் பார், புகை பிடித்துத் தள்ளினால் ரிங், லைனர் வேலை இருக்கிறது. அதற்கும் பயப்படாதே. இந்த பெர்கின்ஸ் 152க்கு டிரை லைனர், அதாவது சிலிண்டருக்குள் தனிக் குழல், கழற்றிப் புதிதாக அடிக்கலாம். சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும்.

காலைக் குளிருக்கு ஸ்டார்ட் ஆகாதது பெரும்பாலும் தெர்மோஸ்டார்ட். காற்று உள்ளே போகிற மெனிபோல்டில் ஒரு ஹீட்டர் இருக்கும். கரண்ட் கொடுத்தால் அது சிவந்து, சின்னக் குழாய் வழியே வருகிற டீசல் சொட்டைப் பற்றவைத்து, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும். சாவியை ஹீட்டில் 15, 20 விநாடி பிடித்து, அப்புறம்தான் ஸ்டார்ட்டர். வயர் அறுந்திருக்கும், இல்லாவிட்டால் டீசல் குழாய் அடைத்திருக்கும். கந்தப்பளைக் குளிரில் அது இல்லாமல் இந்த என்ஜின் வெள்ளைப் புகைதான் விடும். ஸ்பிரே அடித்து முடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. ஹீட்டர் சிவந்திருக்கும்போது ஈதர் உள்ளே போனால் மெனிபோல்டே வெடிக்கும். டேங்கில் கிடக்கும் பழைய டீசலை முழுதும் இறக்கு, அடியில் தண்ணீர் இருக்கும். இரண்டு பில்டரையும் மாற்றி, டீசல் குழாயில் மாட்டிய ஏரை வெளியே எடு.

பழைய மெஸி 35 ஓட்டிய டிரைவர்மார் உங்கள் ஊரில் யாராவது இருந்தால் கேட்டுப்பார், ஆரம்பத்தில் வந்த நாலு சிலிண்டர் 35ஐக் காலையில் முடுக்குவதற்குள் தோட்டத்துப் பெரட்டே (காலை ஆள் கணக்கு) முடிந்துவிடும். 1959க்குப் பிறகு மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் போட்டார்கள். 1964 கடைசியில் வந்த 135 அதன் தம்பி. அந்த வகையில் நீ அதிர்ஷ்டசாலி.

பின்பக்க ஒயிலில் தண்ணீர். கியர் லீவரின் ரப்பர் கிழிந்து மழை இறங்கியிருக்கும், கொட்டகைத் தகரத்தில் ஓட்டை எங்கே என்று பார். கியர்பொக்ஸ், டிபரன்ஷல், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயில்தான், சுமார் 30 லீட்டர். மலிவான ஒயில் ஒரு தடவை நிரப்பி, கொஞ்சம் ஓட்டி, இறக்கிவிட்டு அப்புறம் நல்ல ஒயில் போடு. லிஃப்ட் மெதுவாக ஏறுவதும் அதில் பாதி சரியாகலாம். மீதியை விடு, ட்ரேலர் இழுக்கிறவனுக்கு லிஃப்ட் எதற்கு? ஸ்டியரிங் ஆட்டத்தை விடாதே. முதலில் ஸ்டியரிங் கம்பிகளின் நுனியில் இருக்கும் ரொட் எண்ட்களைப் பார், அவை மலிவு. ஸ்டியரிங் பொக்ஸ் என்றால் செலவு.

முதல் காசு பிரேக், இரண்டாவது ஸ்டியரிங், மூன்றாவது டயர். பெயின்ட் அடிப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதே.


சீதா, வெலிமடை எழுதியது:

அண்ணா, நான் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். வாகனப் பெயர் மாற்றப் படிவம் நிரப்பக் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம் தெரியும்.

ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதத்தில், வண்டி வாங்குவது நம் நாட்டில் சகஜம், அது இல்லாமல் பழைய வாகனமே கைமாறாது என்கிற மாதிரி ஆகிவிட்டது. வழமையான வழி என்றால் விற்பவர் எம்.டி.ஏ. 6 படிவத்தில் கையெழுத்துப் போடுவார், வாங்குபவர் எம்.டி.ஏ. 8 படிவம் நிரப்புவார், சீ.ஆரோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகும். ஆனால் உங்கள் விஷயத்தில் கையெழுத்துப் போட்டவரே உயிரோடு இல்லை என்கிறீர்கள். காலமானவரின் பழைய கையெழுத்தை வைத்துக்கொண்டு, இன்றைய திகதியைப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று யாராவது புரோக்கர் சொல்வார். செய்யாதீர்கள். அது பெயர் மாற்றம் இல்லை, மோசடி. நாளைக்கு ஏதாவது விபத்து நடந்தால் முதலில் அதைத்தான் தோண்டுவார்கள்.

இறந்தவரின் பெயரில் இருக்கும் வாகனத்துக்கு அவருடைய வாரிசுகள்தான் உரிமை சொல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழ் வேண்டும், அவர்கள் சம்மதம் சட்டப்படி எழுத்தில் வேண்டும். கோத்தகிரியில் இருக்கிறார்கள் என்றால் அந்தச் சான்றிதழ் இந்தியாவிலிருந்து வர வேண்டும். இது என் கடை வேலை இல்லை, சட்டத்தரணி வேலை. செலவையும் வண்டி விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சீ.ஆரில் என்ஜின் நம்பரும் சேஸி நம்பரும் இருக்கும். வண்டியில் அடித்திருக்கிற நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அப்சலூட் ஓனர் (வண்டிக்குக் கடன் கொடுத்தவர்) என்ற இடத்தில் பெயர் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கடன் கட்டி முடித்திருந்தாலும் அந்தப் பெயரை எடுக்காமலே விட்டிருப்பார்கள்.

ட்ரேலருக்கு நம்பர் தனி, அதை மறந்துவிடாதீர்கள். டிராக்டரை மட்டும் பெயர் மாற்றிவிட்டு ட்ரேலரோடு பொலிஸில் நிற்கிறவர்கள் நிறையப் பேர். உங்களுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜீ வகுப்பு இருக்கிறதா? லேண்ட்மாஸ்டருக்கு ஜீ 1, நாலு சில்லு டிராக்டருக்கு ஜீ. கார், வேன் ஓட்டுகிற லைசன்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இன்ஷூரன்ஸும் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லாமல் கொட்டகையை விட்டு ரோட்டில் இறக்க வேண்டாம், சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

அண்ணி கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே.


நோர்வூட் பொடியன், வவுனியா எழுதியது:

பெயர்தான் நோர்வூட். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டார் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், நான் பிறந்தது வவுனியாவில். இங்கே எல்லாரும் உழவு மெஷின் என்பார்கள், ட்ரேலரைப் பெட்டி என்பார்கள். எங்களிடமும் ஒரு 135 இருக்கிறது, வயல் உழுகிறது, நெல் ஏற்றுகிறது, கலியாணத்துக்கு ஆட்களையும் ஏற்றுகிறது.

கராஜ் அண்ணன் பிரேக் பற்றிச் சொன்னது இங்கே யாருக்கும் விளங்காது. இங்கே பிரேக்கே தேவையில்லை, காலை எடுத்தால் வண்டி நின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன், பெரியவர் வண்டி சரிவரவில்லை என்று விட்டுவிட்டு வன்னியில் மலிவாக ஒன்று பார்க்கலாம் என்று வராதீர்கள். எங்கள் வண்டிகளுக்கு என்ஜின் நன்றாக இருக்கும், பிரேக் எப்படி என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. உங்கள் பெரியவர் அந்த மலையிலேயே இவ்வளவு காலம் கொழுந்து ஏற்றி இறக்கியிருக்கிறார் என்றால் அந்த வண்டிக்கு ஏற்ற இறக்கம் பழக்கம்.

மலிவாகவும் கிடைக்காது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய பழைய மெஷின்களின் விலையை யாரும் இறக்கிச் சொல்வதில்லை. சாமானுக்கு வேறு வழி ஒன்று சொல்கிறேன். சென்னையில் டாஃபே கம்பனி 1960களிலிருந்தே மெஸி வரிசை மெஷின்களைச் செய்கிறது. அதற்கு வருகிற சாமான்களில் நிறைய 135க்கும் பொருந்தும். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், பெயரைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள்.

கராஜ் அண்ணனோடு எனக்கு ஒரு விஷயத்தில் ஒத்துவரவில்லை. லிஃப்ட் எதற்கு என்கிறார். ரோட்டோரத் துண்டு ஓரளவு சமம் என்றால் ஒரு கொத்துக் கலப்பை மாட்டி அதையாவது உழலாமே. வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களும் முதலில் கேட்பது உழவுதான்.

கோத்தகிரியில் எங்கள் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். நம் தோட்டங்களிலிருந்து போனவர்கள் அந்தப் பக்கம் நிறைய, யார் எந்தத் தோட்டத்து ஆள் என்று இன்றும் சொல்வார்கள். பெயரை இங்கே போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள், விசாரித்துப் பார்க்கிறேன்.


லீக்ஸ்காரன், கந்தப்பளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெயரை வவுனியாத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

டோர்ச்சோடு போய்ப் பார்த்தேன். பெடல் கொக்கி இல்லை, அதற்குப் பதிலாகக் கட்டுக் கம்பி சுற்றியிருக்கிறது, அதுவும் தளர்ந்து போய். இடச் சில்லின் உள்பக்கம் ஒயில் கோடு, கராஜ் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தது போல அப்படியே. டேஷில் சின்ன லீவர் இல்லை. கியர் லீவர் ரப்பர் கிழிந்திருக்கிறது, நேர் மேலே தகரத்தில் ஓட்டை.

சீதா சொன்னபடி நம்பரைப் பார்த்தபோதுதான் அடுத்த சிக்கல். சேஸி நம்பர் சரி. என்ஜின் நம்பர் சீ.ஆரில் இருப்பது இல்லை. பெரியவரைக் கேட்டால் சாவகாசமாகச் சொல்கிறார், பழைய என்ஜின் வெடித்துப்போய், தோட்டத்தில் கழித்த டிராக்டர் ஒன்றின் என்ஜினை டெண்டரில் எடுத்துப் போட்டாராம். "அப்ப ரசீது குடுத்தாங்க, பெட்டியில கிடக்கும்" என்கிறார். பெட்டி மருமகன் வீட்டில்.

ஜீ வகுப்பு என்னிடம் இல்லை. அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன், டிராக்டர் வந்தாலும் வராவிட்டாலும்.


சீதா, வெலிமடை எழுதியது:

அண்ணா, அந்த ரசீதை முதலில் எடுங்கள். என்ஜின் மாற்றினால் அதைச் சீ.ஆரில் பதிய வேண்டும். எங்கிருந்து வந்த என்ஜின் என்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கிறது. ரசீது கிடைக்கும் வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள். முற்பணம் மட்டும் கொடுத்து, எதற்காக, மீதி எப்போது என்று எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் நாளைக்கு நீங்கள் பேச வேண்டியது மருமகனோடு.


கராஜ்காரன், பண்டாரவளை எழுதியது:

மல்டிபவர் இல்லை என்பது நல்ல செய்தி. கட்டுக் கம்பியை இன்றைக்கே அறுத்து எறி, கொக்கியை எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். கனமான பட்டை இரும்பில் செய்யச் சொல்.

வவுனியாத் தம்பி சொல்வதும் சரிதான், ரோட்டோரத் துண்டை உழலாம். குறுக்குச் சரிவில் மட்டும் ஓட்டாதே.

பிரேக் வேலை செய்கிறவனிடம் இதைச் சொல்லு: இரண்டு பின்சில்லையும் ஜாக்கில் தூக்கி, கொக்கி போட்டுப் பெடலைக் கொஞ்சமாக மிதித்து, இரண்டு சில்லையும் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கும்வரை அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். அப்புறம் வெறும் வண்டியாகச் சமதரையில் ஓட்டிப் பார், அப்புறம் வெறும் ட்ரேலரோடு, அப்புறம் கால்வாசிப் பாரத்தோடு. கடைக்காரன் வீல் சிலிண்டர் மாற்ற வேண்டும், பிரேக் ஒயில் வாங்கு என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பி வந்துவிடு. 135இன் பின் பிரேக் முழுக்கக் கம்பியும் லீவரும்தான், அதில் சிலிண்டரே கிடையாது.